பாக்ஸ்டரை 1662ல துரத்துனாங்களா, அவரே எறங்கிட்டாரா?

கோணலூரான்: நேத்து ராத்திரி ஒரு யூடியூப் வீடியோ பாத்து தூக்கமே போச்சு. இங்கிலாந்து சர்ச்ச இன்னும் சீர்திருத்தணும்னு நின்ன பியூரிட்டன் கூட்டத்துப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரை 1662 ஆகஸ்ட் 24ம் தேதி இங்கிலாந்துல கிட்டர்மின்ஸ்டர்ங்கற ஊர் சர்ச்ல இருந்து அரசாங்கம் துரத்துச்சாம், நெசவாளருங்க கதறுனாங்களாம், பின்னாடி வயலின் வேற. யோவ், அந்தத் தேதில மனுசன் அந்த ஊர்லயே இல்லய்யா! 1660லயே லண்டன் வந்தாச்சு. கடைசி பிரசங்கம் அங்க பிளாக்ஃபிரையர்ஸ்ல, 1662 மே 25. யூனிஃபார்மிட்டி சட்டம் போதகருங்களுக்குக் குடுத்த கெடு ஆகஸ்ட் 24. மூணு மாசம் முன்னாடியே அவரா எறங்கிட்டாரு. இதுல யாரு யார துரத்துனது?

ஏழிசை: அவரா எறங்குனாராம், கேட்டுக்கோங்க. யூனிஃபார்மிட்டி சட்டத்துக்கு ராஜா சம்மதம் குடுத்தது மே 19. இங்கிலாந்து சர்ச்சோட ஜெப புஸ்தகத்துல இருக்குற அத்தனைக்கும் முழு சம்மதம்னு சொல்லு, இல்லன்னா வேலை போச்சுன்னு கழுத்துல கத்திய வச்சாச்சு. ஆறு நாள்ல அவர் முடிவ சொல்லிட்டாரு. இதுக்குப் பேரு ராஜினாமாவா சார்?

கோணலூரான்: மே 25. ஆகஸ்ட் 24. எது முன்னாடி வருது? காலண்டர் பாக்கத் தெரியும்ல?

பழையபேப்பர்: அந்தச் சட்டத்தால 2000 போதகருங்க வேலைய இழந்தாங்கன்னு அழுவுறவங்க, அதுக்கு முன்னாடி ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் காலத்துல பார்லிமென்ட் கட்சி ராஜா பக்கம் இருந்த 2000க்கு மேல பாதிரிங்கள வீட்ட விட்டு வெளிய அனுப்புனத பத்தி வாயத் தொறக்க மாட்டேங்குறீங்களே. கிட்டர்மின்ஸ்டர் விகார், அதாவது சர்ச்சோட பொறுப்புப் பாதிரி, ஜார்ஜ் டான்ஸ் கதி என்ன? சர்ச்ச புடுங்கி பாக்ஸ்டர் கையில குடுத்தாங்க.

ஏழிசை: பாக்ஸ்டர் விகார் பதவிய எடுத்துக்கவே இல்ல, பிரசங்கம் மட்டும் பண்ற லெக்சரராவே இருந்தாரு. டான்ஸ் விகாரேஜ் வீட்லயே குடியிருந்தாரு, வருசம் 40 பவுண்டும் அவர் கைக்குப் போச்சு. ராஜாட்சி திரும்புன 1660ல அதே டான்ஸ் விகார் பதவில திரும்ப வந்து உக்காந்ததும் பாக்ஸ்டருக்கு எடமில்லன்னுட்டாரு. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உஸ்டர் பிஷப் மார்லி என்னோட எல்லைக்குள்ள பிரசங்கமே பண்ணக்கூடாதுன்னு தடை போட்டாரு. இதுக்குப் பேரு துரத்தல் இல்லாம விருந்தா?

கோணலூரான்: அது 1662 சட்டம் இல்லயேம்மா! நீங்களே சொல்லிட்டீங்க, டான்ஸ் திரும்ப வந்தது 1660ல. நான் கேக்குறது ஆகஸ்ட் 24. அன்னிக்கு இழக்க அவர்ட்ட ஒரு சர்ச் இருந்துச்சா? இல்ல. முடிஞ்சுது. அதுவும் போக அதே 1660ல ஹியர்ஃபோர்டு பிஷப் பதவிய தட்டுல வச்சு நீட்டுனாங்க, வேணாம்னுட்டாரு. பிஷப் பதவி கூப்புட்டுக் குடுக்குறது துரத்தலா? பார்லிமென்ட் படைத் தலைவர் குரோம்வெல் பத்துன பழைய த்ரெட்லயும் இப்டித்தான், தேதி கேட்டா கண்ணீர் காட்டுனீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஏழிசை: குரோம்வெல் த்ரெட்ல, 1645 நேஸ்பி போருக்கு முன்னாடியே பாக்ஸ்டர் பார்லிமென்ட் படையில சேந்தாருன்னு எழுதுனது யாரு? நேஸ்பி முடிஞ்சப்புறம்தான் வாலி ரெஜிமென்டுக்குப் போதகரா போனாரு. நீங்க அடுத்தவங்களுக்கு தேதி பாடம் எடுக்குறீங்க.

கோணலூரான்: அது டைப்பிங் மிஸ்டேக், அப்பவே சொன்னேன். பேச்ச மாத்தாதீங்க. மே 25.

திண்ணைக்காரன்: சண்டைக்கு நடுவுல ஒன்னு. போதகருக்கு கல்யாணம் ஆகாம இருக்கறதே மேல்னு பேசிட்டு இருந்த மனுசன் 1662 செப்டம்பர்ல, 46 வயசுல மார்கரெட் சார்ல்டன கட்டிக்கிட்டாரே, அதுக்கு ஆரு காரணம், பார்லிமென்டா? 😄

ஏழிசை: மார்கரெட்ட கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. அவர் ஜெயிலுக்குப் போனப்ப கூடவே போய் இருந்தாங்க, கூட்டம் நடத்த எடம் பாத்துக் குடுத்ததும் அவங்கதான்.

திண்ணைக்காரன்: கிண்டல் அவர தான்மா, அந்தம்மாவ இல்ல.

பழையபேப்பர்: பாக்ஸ்டரு ரெண்டு பக்கமும் ஒட்டல, அதான் பிரச்சனை. முதலாம் சார்லஸ் ராஜாவ வெட்டுனது தப்புன்னாரு, அப்புறம் வந்த குரோம்வெல் ஆட்சி செல்லாதுன்னாரு, 1660ல ராஜா மகன் வந்ததும் அவங்கிட்டயும் சண்டை. 1661ல பிஷப்புங்களும் பியூரிட்டன்களும் பேசுன சவாய் மாநாட்டுல பிஷப்புங்க ஜெப புஸ்தகத்துல என்ன திருத்தணும்னு கேட்டா, ரெண்டு வாரத்துல புதுசா ஒரு வழிபாட்டு முறையே எழுதிட்டு வந்து நிக்கிறாரு! எந்த பிஷப் ஒத்துக்குவான்?

கோணலூரான்: அதான் சொல்றேன், பிடிவாதக்காரன் அவராத்தான் எறங்குவாரு. அவரே எழுதி வச்சிருக்காரு, மத்த போதகருங்களுக்கு என் முடிவு சீக்கிரம் தெரியணும்னுதான் முன்னாடியே நிறுத்துனேன்னு. அவரு வாயாலயே சொன்னத விட வீடியோக்காரன் பேச்சு பெருசா? இன்னும் மே 25க்கு ஒருத்தர்ட்டயும் பதில் இல்ல.

ஏழிசை: பதில் சொல்லியாச்சு, படிக்கத்தான் ஆளில்ல. எறங்கிட்டாருல்ல, அப்புறம் எதுக்கு விடாம அடிச்சாங்க? லண்டன் பக்கத்துல ஆக்டன்ல வீட்ல பிரசங்கம் பண்ணதுக்கு 1669ல உள்ள தள்ளுனாங்க. 1685ல 69 வயசு கெழவன, நோயாளிய, புதிய ஏற்பாட்டு விளக்கவுரை எழுதுனதுக்கு நீதிபதி ஜெஃப்ரீஸ் கோர்ட்ல நிக்க வச்சு கண்டபடி திட்டி 500 மார்க் அபராதம், கட்டாததுக்கு 1686 நவம்பர் வரைக்கும் ஜெயிலு.

கோணலூரான்: 1685 வேற, 1662 வேற. ஜெஃப்ரீஸ் யாரத்தான் திட்டல.

பழையபேப்பர்: 1875ல கிட்டர்மின்ஸ்டர்ல செல வச்சாங்க தெரியுமா? சர்ச் ஆளுங்களும் பிரிஞ்சு போனவங்களும் சேந்து வச்சதுன்னு பீடத்துலயே வெட்டி வச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் அடிச்சிக்கிறீங்க.

ஏழிசை: ஆமா, செத்து 184 வருசம் கழிச்சு. ரொம்ப பெரிய மனசு.

கோணலூரான்: செலைக்கு தனி த்ரெட் போடுங்க. பழையபேப்பர், டான்ஸ்கிட்ட இருந்து சர்ச்ச புடுங்குனாங்கன்னு சொன்னீங்கல்ல, அந்தாளு சாராயக்கடையே கதின்னு கெடக்குறான்னு ஊர்க்காரங்களே 1640 வாக்குல மனு போட்டாங்க, அத ஏன் மறைச்சீங்க?

பழையபேப்பர்: மனு போட்டா உண்மை ஆயிருமா? உங்க மேலயும் அட்மின்ட்ட எத்தன மனு போயிருக்குன்னு எடுத்துப் போடவா?