மொபைல் ஆப்: கோடிங்குக்கு முன்னால் காகித மாதிரி போதுமா?

நிலாமுற்றம்:
வணக்கம். மாத்திரை நேரத்தை வயதானவர்களுக்கு நினைவூட்டும் ஆப் ஒன்றைத் தமிழில் செய்கிறோம். மொத்தம் நான்கு ஸ்க்ரீன், ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் டிசைன் தயார். கோடிங் தொடங்கும் முன் சிலரிடம் காட்டிப் பார்க்கலாம் என்கிறேன் நான், கூட இருப்பவர்கள் முழுசாக முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காகிதத்தில் வரைந்து காட்டினாலே போதுமா? எத்தனை பேர் வேண்டும்?

தச்சன்:
முதல் சுற்றுக்குக் காகிதம் தாராளமாகப் போதும். 1996-இல் வந்த பாம் என்ற கையடக்கக் கணினிக்காக, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் அடங்கும் ஒரு மரக்கட்டையைத்தான் செய்து வைத்திருந்தார், அதில் காகித ஸ்க்ரீனை ஒட்டி, நிஜக் கருவி போலவே எடுத்துத் தட்டிப் பார்ப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் போனாக நடிக்கட்டும், எதிரில் இருப்பவர் எங்கே தொடுகிறாரோ அதற்கேற்ற தாளை மாற்றி வைத்தால் போதும். "செட்டிங்ஸை அழுத்துங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள், "ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றுங்கள்" என்று வேலையை மட்டும் கொடுங்கள். அப்புறம் அவர் திணறும்போது வாய் திறக்கவே கூடாது, இதுதான் கஷ்டம்.

ஆள் கணக்குக்கு, ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். 15 பேரை ஒரே தடவையில் உட்கார வைக்காமல், ஐந்தைந்தாக மூன்று சுற்று, நடுவில் திருத்தம்.

மழைத்தாள்:
தச்சன் சொன்னது சரி, ஆனால் பட்டன் கட்டைவிரலுக்குச் சரியாகப் படுகிறதா என்பது காகிதத்தில் தெரியாது. ஃபிக்மா மாதிரியை லேப்டாப்பில் மவுஸ் வைத்துக் காட்டாதீர்கள், அவரவர் போனிலேயே திறந்து கொடுங்கள். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஸ்க்ரீனில் அளவு சொல்லும் ஆண்ட்ராய்டு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி.

இன்னொன்று, பெரியவர்கள் பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஃபிக்மா மாதிரி அந்த செட்டிங்கைக் கண்டுகொள்ளாது. நீளமான தமிழ்ச் சொல் பட்டனுக்கு வெளியே வழிவது நிஜ போனில்தான் தெரியும், அதனால் ஒரே ஒரு ஸ்க்ரீனையாவது சீக்கிரம் கோட் செய்து பாருங்கள்.

நிலாமுற்றம்:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அத்தையிடமும் தாளில் காட்டினேன். "தள்ளிவை" என்ற பட்டனைப் பார்த்து, இந்த மாத்திரையை இனி நிறுத்திவிட வேண்டும் போல என்று அத்தை புரிந்துகொண்டார். எனக்குப் பகீரென்றது. அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு "10 நிமிடம் கழித்துச் சொல்" என்று எழுதினேன், அடுத்து உட்கார்ந்த அம்மா யோசிக்காமல் அதைத் தொட்டார்.