நேற்று ஆற்றுக்குப் போயிருந்தேன்

இங்கிலீஷில் சறுக்கிய கதையை மதுரைப் பக்கத்து மூன்று பேர் சொல்கிறார்கள்.

தெற்கு மாசி வீதி:
சுங்குடிக் கடையில் வேலை பார்த்தபோது நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். லண்டன்காரம்மா ஒருவர் சேலையின் புள்ளிகளைத் தடவிப் பார்த்தபடி, திருவிழாவைப் பற்றிக் கேட்டார். இங்கிலீஷ் பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த ரிவர்" என்றேன்.

அவர் சேலையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். "அண்ட் தென்?" என்றார். அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்தேன், தூங்கினேன். அதையும் சொன்னேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

விஷயம் பிறகுதான் பிடிபட்டது. நாம் 'போயிருந்தேன்' என்றால் போய்த் திரும்பியாச்சு, அவ்வளவுதான். அந்த 'இருந்தேன்'தான் என் வாயில் 'ஹேட்' ஆகிவிட்டது. அங்கே 'ஹேட் கான்' என்றால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்றும் பேச்சில் இருக்க வேண்டும். திருடன் பூட்டை உடைத்தபோது நான் ஆற்றுக்குப் போயிருந்தேன் என்கிற மாதிரி. அந்தத் திருடனுக்காகத்தான் பாவம் காத்திருந்திருக்கிறார்! நேற்று என்று நாளைச் சொன்னால் வெறும் 'வென்ட்' போதும். 'யெஸ்டர்டே'யோடு 'ஹேவ் கான்' போடுவதும் தப்பு.

மாட்டுத்தாவணி:
உங்கள் கதை சப்பென்று முடிந்ததோடு சரி, எனக்குப் பணமே போனது. மார்கழிப் பனி, மல்லி வரத்துக் குறைவு. வெளிநாட்டில் பூ வாங்குபவர் வாட்ஸ்அப்பில் கேட்க, 'இன்னும் வரலை' என்று சொல்ல நினைத்து 'ஃப்ளவர் நாட் கமிங்' என்று தட்டிவிட்டேன். இனி வராது என்று எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் வண்டி வந்து நின்றது. நம் 'வரவில்லை' ஒன்றே போதும், நேற்று வராததற்கும் இப்போது வராததற்கும். இங்கிலீஷில் 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்', 'இஸ் நாட் கமிங்' என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் எழுதியிருக்க வேண்டியது நடுவில் இருப்பது, கூடவே ஒரு 'யெட்'.

திருமங்கலம்:
எனக்கு இன்டர்வியூவில். 'பத்து வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பதை 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டென் இயர்ஸ்' என்றேன். 'ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்' என்று, கேள்வி கேட்டவரே திருத்தினார். ஆரம்பித்த வருஷத்தைச் சொன்னால்தான் 'சின்ஸ்' வருமாம். 'ஹேவ் பீன்' பழகிவிட்டது, அந்த 'சின்ஸ்' மட்டும் இன்னும் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.