டென்ஸ் அட்டவணை மனப்பாடம், வாயைத் திறந்தால்தான் தகராறு

அரைகுறை:
பன்னிரண்டு டென்ஸையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னால் இருபதுக்குப் பதினெட்டு வரும். ஆனால் நேற்று ஒரு மீட்டிங்கில், முந்தின நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், "ஐ ஹேட் கான் டு த டாக்டர்" என்று சொல்லி நிறுத்தினேன். கேட்டவர் மீதிக் கதை வரும் என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியைக் கூட்டணுமா, முறையையே மாற்றணுமா?

இலக்கணப்புலி:
கூட்டுங்கள், வேறு வழியில்லை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பத்து வினைகளை எடுங்கள்: பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட் என்று எல்லாமே ஒழுங்கில்லாமல் மாறுகிறவை. கோ, வென்ட், கான் யோசிக்காமல் வாயில் வராதவரை எந்த டென்ஸ் என்ற கேள்விக்கே இடமில்லை. தினம் முப்பது வாக்கியம், எழுதிப் பார்க்கணும்.

வேப்பநிழல்:
புலி சார், அவருக்கு 'கான்' சரியாகத்தானே வந்திருக்கிறது! வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோடிட்ட இடத்தில் 'எஸ்டர்டே' இருந்தால் 'வென்ட்', 'சின்ஸ்' இருந்தால் 'ஹேவ் பீன்'. அங்கே யாரும் வாக்கியத்தைப் படிப்பதில்லை, துப்பு எங்கே என்று தேடுகிறோம். பேச்சில் அந்தத் துப்பை யார் தருவார்?

அரைகுறை, உங்கள் தவறு தமிழிலிருந்து வந்தது. "டாக்டரிடம் போயிருந்தேன்" என்றால் நமக்குப் போய்விட்டு வந்தேன் என்றுதான் அர்த்தம். அந்த 'இருந்தேன்' அப்படியே 'ஹேட்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' என்றால் அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று பேச்சில் இருக்கணும், நான் போன பிறகு அவர் போன் செய்தார் என்கிற மாதிரி. அதற்காகத்தான் அவர் காத்திருந்தார், பாவம். "ஐ வென்ட்" போதும். "மூன்று வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதும் இதே கதைதான். நமக்கு அது நிகழ்காலம், அதனால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறோம். அவர்களுக்கு "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்".

இலக்கணப்புலி:
காரணம் தெரிந்துவிட்டால் நாக்கு திருந்திவிடுமா? "டிட் யூ வென்ட்" தப்பென்று தெரியாதவர் யாருமில்லை, ஆனாலும் சொல்கிறோம். அது பழக்கக் குறை, எழுதி எழுதித்தான் போகும்.

மொட்டைமாடி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பன்னிரண்டையும் சமமாக உருப்போடுவதே வீண். 'வில் ஹேவ் பீன் டூயிங்' கடைசியாக எப்போது யார் சொல்லிக் கேட்டீர்கள்? வினைச்சொல்லே உருமாறிக் காட்டும் காலம் ஆங்கிலத்தில் இரண்டுதான் என்று மொழியியலாளர்கள் பலர் சொல்கிறார்கள், மற்றதெல்லாம் துணைவினை சேர்த்துக் கட்டியது. இடைநிலையில் இருப்பவரைக் கவிழ்ப்பது முக்கியமாக ஒரு ஜோடிதான். "ஐ லாஸ்ட் மை கீ", "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ". பிரிட்டிஷ்காரர் இரண்டாவதைச் சொன்னால் பெரும்பாலும் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அமெரிக்கர் அதற்கும் முதலாவதையே சொல்லிவிட்டுப் போவார், உங்கள் பயிற்சிப் புத்தகம் அவருக்கு முட்டை மார்க் போடும்.

வேப்பநிழல்:
அதேதான். நான் செய்தது இது: அன்று நடந்த ஒன்றை ஐந்து வாக்கியத்தில் போனில் பேசிப் பதிவு செய்வேன். மறுநாள் அதையே தினமும் நடக்கிற விஷயமாக மாற்றிச் சொல்வேன். பழைய பதிவைக் கேட்டால் எங்கே சறுக்கினேன் என்று எனக்கே சிரிப்பு வரும்.

இலக்கணப்புலி:
தனியாகப் பேசினால் திருத்துவது யார்? தப்பு இறுகிப் போகும். புத்தகத்திலாவது பின்பக்கம் விடை இருக்கிறது.

அரைகுறை:
சரி, சண்டை வேண்டாம். முயற்சி செய்தேன்: "ஐ வென்ட் டு த டாக்டர். ஹி ஹேஸ் கிவன் மீ சம் டேப்லட்ஸ்."

இலக்கணப்புலி:
பாருங்கள், மறுபடியும் 'கொடுத்திருக்கிறார்'! போனதும் கொடுத்ததும் முடிந்த கதை. "ஹி கேவ்".

வேப்பநிழல்:
இல்லை சார், மாத்திரை இன்னும் கையில் இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'ஹேஸ் கிவன்' தாராளமாகச் சொல்லலாம்.

அரைகுறை:
மூன்று நாள் மாத்திரை. தீர்ந்ததும் 'கேவ்' என்று மாற்றிக்கொள்கிறேன்.