10-க்கு 10 அறையில் பாட்டு கேட்டவர்கள்: மூன்று பேர் அனுபவம்

ஸ்பீக்கரை இரண்டு முறை மாற்றியும் அதே நோய்தான். இளையராஜா பாட்டு போட்டால் பேஸ் கிட்டார் ஒழுங்காகத்தான் போகும். திடீரென்று ஒரு சுரம் மட்டும் 'டொம்ம்ம்' என்று அறையை நிறைத்து, அடுத்து வருவதையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் மேல் சந்தேகம், ஒயர் மேல் சந்தேகம். அறை மேல் மட்டும் வரவேயில்லை.

ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். நீளம் 10 அடி, அகலம் 10 அடி, சீலிங்கும் 10 அடி! ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்குள் அது நொடிக்குச் சுமார் 56 முறை போய் வரும். அதனால் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) வாக்கில் உள்ள சுரம் அங்கேயே சிக்கி நிற்கிறது. நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை மூன்று சுரங்களுக்குப் பிரிந்திருக்கும். எனக்கு மூன்றும் ஒரே சுரத்தில். பேஸ் கிட்டாரில் 'ஏ' கம்பியைச் சும்மா மீட்டினாலே 55 ஹெர்ட்ஸ். வேறென்ன வேண்டும்?

சுவரில் சாய்ந்து கேட்பது என் பழக்கம். சுவரோரம்தான் இது உச்சம். நாற்காலியை 4 அடி முன்னால் இழுத்தேன். (நட்டநடுவில் போட்டால் அந்தச் சுரமே காணாமல் போகிறது, அதுவும் ஆகாது.) பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். 'டொம்ம்ம்' இப்போது 'டொம்'. முக்கால்வாசி நாற்காலியின் புண்ணியம், மெத்தைக்குக் கொஞ்சம்.

*

சார், அறைச் சத்தத்தை அடக்க நான் முட்டை அட்டை கட்சி. மாடி அறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். கீச்சுச் சத்தம் லேசாக அடங்கியது, பேஸ் (கனத்த அடிச் சத்தம்) அசையவேயில்லை. கரப்பான் பூச்சிதான் சுகமாகக் குடிவந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, 2 அங்குல ராக்வூலை (பாறை இழைப் பஞ்சு) மரச்சட்டத்தில் வைத்துத் துணி கட்டி மாட்டினேன். எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்கத் தம்பியைக் கண்ணாடியோடு சுவரோரமாக நடக்கவிட்டேன். என் நாற்காலியிலிருந்து பார்க்க, கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிந்த இடமெல்லாம் பென்சில் குறி; ஒலி சுவரில் பட்டு என்னிடம் வருவது அங்கிருந்துதான். பாடகர் குரல் அன்றைக்குத்தான் நடுவில் வந்து நின்றது.

*

எங்களுடையது வாடகை வீடு, ஆணி அடித்தால் ஓனர் வந்துவிடுவார். டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் 'ட்ர்ர்ர்' என்று திரும்பி வரும். பவானி ஜமக்காளம் விரித்து, புத்தக அலமாரியை ஹாலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன். 'ட்ர்ர்ர்' போய்விட்டது. மிருதங்கத்தில் சாப்பு என்கிற அடி தனியாகக் கேட்கிறது. அலமாரி போன இடம் காலியாக இருப்பதால் இப்போது ஹால் எதிரொலிக்கிறதாம், வீட்டில் புகார்.