நண்பனின் பாஸ்போர்ட்டைக் காணோம், ஞாயிறு காலை விமானம், உடனே உதவி தேவை

ஊர்சுற்றி4 | வெள்ளி, மாலை 4:52

அவசரம். நாங்கள் நான்கு பேர், பேக்பேக்கிங் வந்து பதினோரு நாள் ஆகிறது. இன்று விடியற்காலை ராத்திரி பஸ்ஸில் இங்கே வந்து இறங்கினோம். மதியம் ஹாஸ்டலில் அறை எடுக்கும்போது பாஸ்போர்ட் கேட்டார்கள். ஒருவனுடையது மட்டும் இல்லை. இடுப்புப் பையில்தான் வைத்திருந்தேன் என்று சத்தியம் செய்கிறான். நான்கு பேர் பையையும் கட்டிலில் கொட்டிப் பார்த்துவிட்டோம். முதலில் போலீஸா, தூதரகமா? பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், போனில் சார்ஜும் குறைவு.

தேன்சிட்டு | 4:58

எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்த இரண்டும் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. இந்தியா, இலங்கை, மலேசியா, கனடா, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

மலைக்காற்று | 5:01

ராத்திரி பஸ் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தூக்கத்தில் எடுத்துவிட்டார்கள். எனக்கும் நடந்தது. பையைக் கால்மாட்டில் வைத்துத் தூங்கினேன், விழித்தபோது ஜிப் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. பஸ் கம்பெனிக்கு உடனே போன் போடுங்கள், அந்த பஸ் திரும்பக் கிளம்புவதற்குள்.

திசைமானி | 5:09

தம்பி, இந்த மாதிரிக் கேள்விக்கு என்னென்ன விவரம் தரவேண்டும் என்று மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நாடு, பாஸ்போர்ட், விசா வகை, கடைசியாகக் கண்ணால் பார்த்த இடம், அடுத்து எங்கே போகிறீர்கள், நகல் இருக்கிறதா. ஆறு விவரம். நீங்கள் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. 'இங்கே' என்றால் எங்கே? உதவி செய்கிறவர்களின் நேரத்தையும் கொஞ்சம் மதியுங்கள்.

பொடிநடை | 5:13

பையைக் கொட்டினால் மட்டும் போதாது. உள் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவில் கையை விட்டுத் தடவுங்கள். முதுகுப் பக்கம் அட்டை செருகியிருக்கும் இடத்தையும் பாருங்கள். என் பாஸ்போர்ட் மூன்று நாள் அங்கேதான் இருந்தது, ஊரெல்லாம் தேடினேன்.

ஊர்சுற்றி4 | 5:21

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். வியட்நாம், ஹனோய். நால்வருமே இந்தியப் பாஸ்போர்ட், இ-விசா. ஹா ஜியாங் மலைப்பக்கம் நான்கு நாள் பைக்கில் சுற்றிவிட்டு வந்தோம். ஞாயிறு விமானம் நொய் பாயிலிருந்து பாங்காக். உள் துணியையும் தடவிவிட்டோம், இல்லை. நகல் இருக்கிறது, போனில் போட்டோவாக.

தேன்சிட்டு | 5:34

சரி, இப்போது பேசலாம். உங்களுக்கு இரண்டு தடை இருக்கிறது.

முதலாவது, இன்று வெள்ளி மாலை, தூதரகம் இனி திங்கள்தான். அவசரச் சான்றிதழ் தருவார்கள், ஆனால் அது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும், இந்தியாவுக்குத் திரும்பத்தான் செல்லும். அதை வைத்துக்கொண்டு தாய்லாந்துக்குள் நுழைய முடியாது. பயணத்தைத் தொடரவேண்டும் என்றால் புதுப் பாஸ்போர்ட்தான் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

இரண்டாவதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். புது ஆவணம் கைக்கு வந்தாலும் அதில் வியட்நாமுக்குள் வந்த முத்திரை இருக்காது. குடிவரவுத் துறையில் வெளியேறும் விசா வாங்கவேண்டும், அதற்கும் சில வேலை நாட்கள் ஆகும். எனவே பாஸ்போர்ட் உண்மையிலேயே தொலைந்திருந்தால் ஞாயிறு விமானத்தை மறந்துவிடுங்கள்.

திசைமானி | 5:41

தேன்சிட்டு சொன்னது சரி. எனவே நேரத்தை வீணாக்காமல் இன்றே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து, அந்தத் தாளை வாங்குங்கள். தூதரகத்தின் அவசர எண்ணிலும் அழைத்துத் தொலைந்ததாகப் பதியச் சொல்லுங்கள். 2025 ஜூலை 1 முதல் அங்கே மாவட்ட நிர்வாகமே கிடையாது, பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மாவட்டக் காவல் நிலையத்தைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் தங்கியிருக்கும் வார்டின் காவல் நிலையம் எது என்று ஹாஸ்டலில் கேளுங்கள்.

வழித்துணை | 5:50

தயவுசெய்து இன்று இரவு ரத்து செய்யச் சொல்லாதீர்கள். தொலைந்ததாகப் பதிந்து ரத்தாகிவிட்டால், அரைமணி நேரம் கழித்துக் கிடைத்தாலும் அந்தப் பாஸ்போர்ட் வெறும் காகிதம்தான். திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கென்று இன்டர்போல் 2002 முதல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. எண் அதில் ஏறிவிட்டால் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். என் தோழிக்கு இது நடந்தது, பாஸ்போர்ட் கையில் இருந்தும் கவுன்டரில் நின்று அழுதாள்.

திசைமானி | 5:56

இப்படி ஆறுதல் சொல்லித்தான் ஆட்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள். பாஸ்போர்ட் திருடன் கையில் இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. நான் முப்பது நாடு சுற்றியவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

வழித்துணை | 6:03

எத்தனை நாடு என்பதல்ல விஷயம். தூதரகம் எப்படியும் திங்கள்தான் திறக்கும். அவசர எண்ணில் அழைத்து நிலைமையைச் சொல்லட்டும், நான் மறுக்கவில்லை. புகார், ரத்து இரண்டையும் நாளை மதியம் வரை தள்ளிப்போட்டால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அந்த நேரத்தில் தேடலாம். திருட்டு என்று யார் பார்த்தார்கள்? பஸ்ஸில் திருடுகிறவன் பணத்தை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் எடுப்பானா?

@ஊர்சுற்றி4, உங்கள் நண்பரின் பணம், அட்டை எல்லாம் இருக்கிறதா?

மலைக்காற்று | 6:05

எடுப்பான். பாஸ்போர்ட்டுக்கும் விலை உண்டு.

ஏழாம்கல் | 6:18

யாரும் கேட்காத ஒன்று. 'இடுப்புப் பையில் வைத்திருந்தேன்' என்பது நினைப்பு. அந்தப் பாஸ்போர்ட்டைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது எப்போது? வியட்நாமில் தங்குகிறவர் விவரத்தைத் தங்குமிடக்காரர் போலீஸுக்குத் தெரிவித்தாகவேண்டும், அதனால் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் நிறைய. மலைக்குள் பல ஹோம்ஸ்டேயில் போனில் இருக்கும் போட்டோவே போதும் என்பார்கள். பஸ் ஏறும்போது யாரும் கேட்பதில்லை. ஆக நான்கு நாள் அதைத் தொடாமலேயே நீங்கள் சுற்றியிருக்க முடியும்.

அப்புறம் பைக். வாடகைக்கு எடுத்தீர்களே, ஈடாக என்ன கொடுத்தீர்கள்?

ஊர்சுற்றி4 | 6:31

பணம், அட்டை எல்லாம் இருக்கிறது. மலையில் தங்கிய மூன்று இடத்திலும் போன் போட்டோவைத்தான் காட்டினோம். கண்ணால் பார்த்தது திங்கள்கிழமை, ஹா ஜியாங் ஹாஸ்டலில். பைக்கும் அந்த ஹாஸ்டலிலேயே எடுத்ததுதான், இரண்டு பைக். டெபாசிட்டைப் பேசியது எங்களில் இன்னொருவன், அவன் இப்போது தூங்குகிறான்.

ஏழாம்கல் | 6:32

எழுப்புங்கள்.

கடலோரம் | 6:40

பைக்குக்குப் பாஸ்போர்ட்டை ஈடு வைத்தார்களா? இதைத்தான் எத்தனை தடவை சொல்வது. அது நம்முடைய சொத்துகூட இல்லை, இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பணமாக டெபாசிட் வாங்குகிற கடையைத் தேடுங்கள்.

பொடிநடை | 6:47

நான் காலாவதியான பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோவேன். ஈடு கேட்டால் அதைக் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் தேதி பார்த்ததில்லை.

தேன்சிட்டு | 6:52

@பொடிநடை அது ஏமாற்றுத்தானே? கடைக்காரர் நம்மை நம்பி பைக்கைத் தருகிறார். பணத்தைக் கொடுங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். செல்லாத ஆவணத்தைச் செல்லுபடியாகும் என்று நம்பவைப்பது எந்த ஊரிலும் சரியில்லை.

பொடிநடை | 6:58

பைக்கைச் சொன்ன நேரத்தில் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். அவருக்கு என்ன நஷ்டம்?

கடலோரம் | 7:04

விபத்து நடந்து போலீஸ் வந்தால் அப்போது தெரியும் என்ன நஷ்டம் என்று. மலைச்சாலையில் இது நடக்காத விஷயமல்ல. மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழே நோ குவே ஆறு. அங்கே சறுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான். அது கடைக்காரரின் மேசை டிராயரில் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

திசைமானி | 7:10

இழை திசைமாறுகிறது. கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

ஊர்சுற்றி4 | 7:16

எழுப்பிக் கேட்டோம். இரண்டு பைக்குக்கும் சேர்த்து ஒரு பாஸ்போர்ட் போதும் என்றார்களாம். கையில் நால்வருடையதும் இருந்தது, மேலே இருந்ததைக் கொடுத்தேன் என்கிறான். யாருடையது என்று பார்க்கவில்லையாம். நேற்று இரவு பைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது மேசையில் வேறொரு பையன் இருந்தான். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது, சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டோம்.

இடுப்புப் பையில் இவன் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது செலவு எழுதும் குறிப்பேடு. அதே அளவு, அதே தடிப்பு, நீல அட்டை.

அந்த ஹாஸ்டலுக்கு மெயில் போட்டோம், பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. இப்போது என்ன செய்வது? 300 கிலோமீட்டர்.

ஏழாம்கல் | 7:20

மெயிலை விடுங்கள். அந்த நாட்டுக்காரர்கள் ஸாலோ செயலியில்தான் பேசிக்கொள்வார்கள். உங்கள் ஹனோய் ஹாஸ்டல் வரவேற்பில் இருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள், அவருடைய ஸாலோவிலிருந்து அந்த எண்ணுக்கு வியட்நாமிய மொழியில் பேசச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் போட்டோ, பைக் எடுத்த தேதி, முடிந்தால் பைக் எண், மூன்றையும் அனுப்புங்கள்.

கிடைத்துவிட்டால் நீங்கள் போகவேண்டிய அவசியமும் இல்லாமல் போகலாம். அங்கே ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸில் பார்சல் கொடுத்தனுப்புவது அன்றாட வழக்கம். இன்று ராத்திரி பஸ்ஸில் கொடுத்தால் விடியும்போது மி தின் பஸ் நிலையத்துக்கு வந்துவிடும். டிரைவரின் போன் எண், வண்டி எண், இறங்கும் நேரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

மலைக்காற்று | 7:29

பாஸ்போர்ட்டைப் பஸ்ஸில் தனியாக அனுப்புவதா? நான் என்றால் நானே போய் வாங்கி வருவேன்.

வழித்துணை | 7:35

போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். முடியாதது இல்லை, நாளைக் காலை கிளம்பினாலும் ஞாயிறு விமானத்துக்கு முன்பு வந்துவிடலாம். பஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுதான் வழி. இதற்குத்தான் ரத்து செய்யாதீர்கள் என்றேன்.

திசைமானி | 7:48

டிராயரில் இருப்பது இன்னும் உறுதியாகவில்லை. இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் நாளைக் காலையே புகார். இதில் என் கருத்து மாறவில்லை. ஒருவேளை புதுப் பாஸ்போர்ட் எடுக்க நேர்ந்தால், தாய்லாந்துக்கான டிஜிட்டல் வருகை அட்டையையும் புது எண்ணோடு மறுபடி நிரப்பவேண்டும், 2025 மே 1 முதல் அது கட்டாயம்.

ஊர்சுற்றி4 | இரவு 8:22

இருக்கிறது!!! டிராயரில் இருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கே வரவேற்பில் இருந்த அக்காதான் பேசினார், இருபது நிமிடம், தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு. ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார்களாம். சார்ஜ் தீரப்போகிறது.

தேன்சிட்டு | 8:26

அப்பாடா. கைக்கு வந்ததும் சொல்லுங்கள், தூக்கம் வராது எனக்கு.

தேன்சிட்டு | சனி, காலை 8:15

வந்துவிட்டதா?

பொடிநடை | 9:40

ஆளைக் காணோமே.

மலைக்காற்று | 10:02

நான் சொன்னேன், தனியாக அனுப்பக் கூடாது என்று.

ஊர்சுற்றி4 | மதியம் 12:47

கிடைத்துவிட்டது. நாலரை மணிக்கே மி தின் போய்விட்டோம். பஸ் ஐந்தே காலுக்கு வந்தது. டிரைவர் தன் இருக்கைக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில் ஒரு பழுப்பு உறையைச் செருகி வைத்திருந்தார். மேலே இவன் பெயர் பெரிய எழுத்தில், ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல். போட்டோவையும் இவன் முகத்தையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இவன் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டான். எல்லாருக்கும் நன்றி, ஏழாம்கல் அண்ணனுக்குத் தனி நன்றி. தூங்கப்போகிறோம்.

ஏழாம்கல் | 12:55

நல்லது தம்பி. அந்த வரவேற்பு அக்காவிடம் கிளம்பும்போது நால்வரும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடலோரம் | 1:10

மகிழ்ச்சி. ஆனால் @பொடிநடை, பழைய பாஸ்போர்ட் விஷயத்தில் நீங்கள் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

வழித்துணை | 1:32

@ஊர்சுற்றி4 தூங்கும் முன் ஒன்று பாருங்கள். அச்செடுத்த இ-விசா தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தாரா? அது உறைக்குள் வந்திருக்கிறதா? இல்லையென்றால் இன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். நுழைந்த முத்திரைப் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.