பழங்கால ஐரோப்பிய இசையை வாசித்த டேவிட் மன்ரோவை நீங்கள் முதலில் கேட்டது எங்கே?

வாயேஜர் விண்கலங்கள் 1977-ல் சுமந்து போன தங்கத் தட்டில் 27 இசைப் பதிவுகள் உள்ளன. இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி அவற்றில் ஒன்று என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். அதைத் தேடிப் போய்த்தான் நான் மன்ரோவிடம் வந்து சேர்ந்தேன். அதே தட்டில் ‘ஃபேரி ரவுண்ட்’ என்று ஒரு நடன இசை இருக்கிறது, 1 நிமிடம் 17 விநாடி. இயற்றியவர் முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயர் ஆந்தனி ஹோல்போர்ன். வாசித்தவர்கள் மன்ரோவும் அவர் நடத்திய எர்லி மியூசிக் கன்சார்ட் ஆஃப் லண்டன் குழுவினரும்.

கேட்டதும் ரெக்கார்டர் என்ற ஊதுகுழல்கள் துள்ளுவது மட்டும்தான் மனதில் பதிந்தது. அப்புறம் தொடையில் தாளம் போட்டபடி கேட்டேன். ஆறு எண்ணிக்கையில் சுற்றி வரும் இசை அது. ‘தகிட தகிட’ என்று போய்க்கொண்டிருப்பது சட்டென்று ‘தக தக தக’ ஆகிறது, உடனே பழையபடி திரும்புகிறது. ஒரு குழல் மாறிய பிறகும் இன்னொன்று பழைய நடையிலேயே நிற்பதாக எனக்குக் கேட்கிறது. மன்ரோ இதை அழுத்திக் காட்டுவதே இல்லை. ஆடுகிறவரின் கால் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும்படி விட்டுவிடுகிறார்.

இந்த இசை 1599-ல் அச்சான தொகுப்பிலிருந்து வருகிறது. ஐந்து பகுதிகளாக எழுதப்பட்டது. எந்தக் கருவியில் வாசிப்பது? வயோல் (வில்லால் வாசிக்கும் பழைய தந்திக்கருவி), வயலின் அல்லது ஊதும் கருவிகள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது; அவ்வளவுதான். வேகம் என்ன, எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் கிடையாது. அந்த இடத்தை நிரப்புகிறவர் வெறும் வாசிப்பாளர் இல்லை என்பது என் கட்சி. மன்ரோ படங்களுக்குச் சொந்தமாகவும் இசை எழுதியவர். ஆனால் பழைய தாள்களிலிருந்து அவர் எழுப்பிய ஒலிகளையும் சேர்த்துத்தான் அவரை இசையமைப்பாளர் என்று சொல்ல வேண்டும்.

அவர் வந்த பாதையும் வழக்கமானது இல்லை. 1942-ல் பர்மிங்ஹாமில் பிறந்தார். பள்ளியில் பஸ்ஸூன் என்ற ஊதுகருவி கற்றார். கேம்பிரிட்ஜ் போகும் முன் பெருவில் ஆசிரியராக இருந்து, தென் அமெரிக்கக் குழல்களோடு திரும்பினார். கேம்பிரிட்ஜில் படித்தது இசை அல்ல, ஆங்கில இலக்கியம். அங்கே ஒரு நண்பரின் அறைச் சுவரில் கிரம்ஹார்ன் என்ற பழைய ஊதுகருவி தொங்குவதைப் பார்த்தார். பேராசிரியர் தர்ஸ்டன் டார்ட் கொடுத்த ஊக்கத்தில் அதை வாசிக்க இறங்கினார். 1967-ல் தன் குழுவைத் தொடங்கினார். அதில் பாடகர் ஜேம்ஸ் போமன் இருந்தார், விசைக்கருவி வாசிக்கும் கிறிஸ்டோபர் ஹாக்வுட் இருந்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பழங்கால இசை என்றாலே இவர் பெயர் வந்தது.

நீங்கள் எப்படி இவரிடம் வந்தீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

எங்கள் குடும்பத்தில் நாதஸ்வரம் உண்டு. அப்பாவும் பெரியப்பாவும் கோயில் வாசிப்பு. நான் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனாலும் சீவாளி (ஊதுகிற நாணல்) பற்றி எது கண்ணில் பட்டாலும் நின்று பார்ப்பேன். அப்படித்தான் கிரனடா தொலைக்காட்சிக்காக மன்ரோ செய்த பழங்கருவிகள் தொடர் கிடைத்தது. ஆறு பகுதிகள், 1976-ல் வந்தது. சால்ஃபோர்டில் உள்ள ஆர்ட்சால் ஹால் என்ற பழைய மாளிகைக்குள் எடுத்திருக்கிறார்கள்.

அதில் அவர் ஷாம் என்ற பழைய ஊதுகருவியை எடுத்து ஊதியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இரட்டை நாணல், கூம்பு வடிவ உடல், விரிந்த வாய், நாலு தெரு தாண்டிக் கேட்கும் குரல். நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அங்கேயும் அது வெளியில் வாசிக்கிற கருவிதான். ஊர்வலம், நடனம், ஊர் விழா என்று போயிருக்கிறது.

மேலே எழுதிய சார் கிரம்ஹார்னைப் பற்றிச் சொன்னார், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைத்தடியைப் போல அடிப்பக்கம் வளைந்த குழல் அது. இதற்கும் இரட்டை நாணல் உண்டு, ஆனால் அதன்மேல் மரமூடி போட்டிருக்கும். மூடியின் ஓட்டையில் ஊத வேண்டும், உதடு நாணலைத் தொடவே தொடாது. நாதஸ்வரக்காரருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். நம் கமகத்தில் பாதி உதட்டிலும் மூச்சிலும்தான் இருக்கிறது. கிரம்ஹார்னில் மூச்சைக் குறைத்தால் சுருதி கீழே போய்விடும், அதனால் மெதுவாக வாசிக்கவும் வழியில்லை. மேல் ஸ்தாயிக்கும் தாவ முடியாது. ஒரு ஸ்தாயியும் ஒரு ஸ்வரமும், அவ்வளவுதான் எல்லை.

மிச்சம் என்ன இருக்கிறது? நாக்கு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் எங்கே வெட்டுவது, எவ்வளவு நீட்டுவது என்பது மட்டும். மன்ரோ வாசிப்பைக் காதில் ஒட்டி வைத்துக் கேளுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு ஸ்வரங்களில் முதலாவதை ஒரு இழை நீளமாக வைக்கிறார், இரண்டாவதைச் சட்டென்று முடிக்கிறார். ஓங்கி ஒலிக்கவே முடியாத கருவியில் அழுத்தம் விழுந்த மாதிரி காது ஏற்றுக்கொள்கிறது. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டுவிட்டு, “துத்துகாரம் சுத்தமா இருக்கு” என்றார்; நாக்கால் ஸ்வரத்தை வெட்டுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது சுலபமில்லை.

* * *

நான் சினிமா வழியாக வந்தவன். ஜான் பூர்மன் இயக்கிய ‘ஸார்டாஸ்’ (1974) பார்த்தேன். கதை நடப்பது 2293-ல். எதிர்காலம் என்றால் சிந்தசைசர் போடுவதுதான் அப்போதைய வழக்கம். இந்தப் படத்திலோ பேத்தோவனின் ஏழாம் சிம்பொனிக்குப் பக்கத்தில் இடைக்காலக் கருவிகளின் ஒலி வருகிறது. இசை டேவிட் மன்ரோ என்று டைட்டிலில் பார்த்துத்தான் தேடினேன். ஐரோப்பியக் காதே மறந்துபோன ஒலிகள் எதிர்காலத்துக்கு இவ்வளவு பொருந்துவது ஆச்சரியம்தான்.

அதற்கு முன்பே பிபிசியின் எட்டாம் ஹென்றி தொடர் (1970), ‘எலிசபெத் ஆர்’ (1971), அப்புறம் 1972-ல் ஹென்றி பற்றிய திரைப்படம் என்று அவர் இசை வீட்டுக்கு வீடு போய்விட்டது. சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் பற்றிய பிரெஞ்சு ஆவணப்படத்துக்கும் இவர்தான் இசை. மலைப்பாதைச் சைக்கிள் பந்தயத்துக்கு மறுமலர்ச்சிக் காலத்து ஊதுகருவிகளை நினைத்த மனம் எப்படிப்பட்டது!

* * *

எல்லோரும் புகழ்ந்துவிட்டீர்கள், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் தேவாலயச் சேர்ந்திசையில் பாடுகிறவள், பதினான்காம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மச்சோவின் பாடல்கள் வழியாக இந்தக் காலத்துக்குள் போனேன். மன்ரோவின் ‘தி ஆர்ட் ஆஃப் கோர்ட்லி லவ்’ தொகுப்பை ஆசையாகக் கேட்டேன். கிராமி விருது வாங்கிய தொகுப்பு. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் குரலோடு கருவிகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. 1980-ல் காதிக் வாய்ஸஸ் குழுவைத் தொடங்கிய கிறிஸ்டோபர் பேஜ், இந்தப் பாடல்களில் பல குரல்களால் மட்டுமே பாடப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டு, அப்படியே பாடவைத்தும் காட்டினார். அதைக் கேட்ட பிறகு வார்த்தைகள் தெளிவாக வந்தன, குரல்கள் ஒன்றோடொன்று உரசுகிற இடங்களும் தெரிந்தன. என் மனம் அந்தப் பக்கம்தான்.

ஆனால் ஜேம்ஸ் போமன் பாடும் இடங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆண் குரல் அந்த உயரத்தில் அவ்வளவு வலுவாக நிற்பதை முதலில் எனக்குக் காட்டியது மன்ரோவின் பதிவுகள்தான்.

* * *

அம்மா, நீங்கள் சொல்வது மச்சோ விஷயத்தில் சரி. ஆராய்ச்சி அந்தப் பக்கம் நகர்ந்தது. ஆனால் நடன இசையில் மன்ரோவின் துணிச்சல் இன்றும் நிற்கிறது என்பேன். இசைப் பதிப்பாளர் சுசாட்டோ 1551-ல் ஆன்ட்வெர்ப்பில் அச்சிட்ட ‘டான்சரி’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பகுதி இசை, கருவி எதுவென்று கட்டளை இல்லை. அதிலிருந்து 1971-ல் மன்ரோ பதிவு செய்த ‘லா மூரிஸ்க்’ கேளுங்கள். உரத்த கருவிகளும் தாளமும் சேர்ந்து வரும்போது ஆடுகிறவர்களுக்காக அச்சான இசை இது என்பது உடம்புக்கே தெரிகிறது.

* * *

நான் இவரை இசைத்தட்டில் கேட்கவில்லை, வானொலியில் கேட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. எனக்கு ஆங்கிலம் அப்போது பள்ளிக்கூடத்து ஆங்கிலம். பிபிசி ரேடியோ 3-ல் ‘பைட் பைப்பர்’ என்று சிறுவர்களுக்கான நிகழ்ச்சி, வாரத்தில் நாலு நாள். எழுதிப் பேசியவர் மன்ரோ. 1971 முதல் 1976 வரை 655 நிகழ்ச்சிகள் செய்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். பழங்கால இசை மட்டும் இல்லை, எல்லாக் காலத்து இசையும் வரும். வேகமாகப் பேசுவார், ஆனால் ஒரு வார்த்தை தப்பாது. பிள்ளைகளுக்குத்தானே என்று எதையும் குறைத்துச் சொல்ல மாட்டார். இசையமைப்பாளர் எதற்குக் கஷ்டப்பட்டார், இந்த இடத்தில் ஏன் இந்தக் கருவி என்று கதையாகச் சொல்லிவிட்டு, இசையை வெட்டாமல் போடுவார். வகுப்பில் பேசத் தயங்கிய நான் இசை ஆசிரியையிடம் முதன்முதலில் கேள்வி கேட்டது இவரால்தான். ரெக்கார்டர் ஏன் வெவ்வேறு அளவில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து பெரிய டெனார் ரெக்கார்டரைக் கையில் கொடுத்தார். என் விரல்கள் ஓட்டைகளுக்கு எட்டவில்லை, ஆனாலும் ஊதிப் பார்க்க விட்டார்.

1976 மே 15 அன்று மன்ரோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 33. தந்தையையும் மாமனாரையும் அதற்கு முன் இழந்திருந்தார். எங்களுக்கு அப்போது யாரும் காரணம் சொல்லவில்லை, நிகழ்ச்சி நின்றது மட்டும் தெரிந்தது. இடைக்கால, மறுமலர்ச்சிக் காலக் கருவிகள் பற்றி அவர் எழுதிய புத்தகம் அதே ஆண்டில்தான் வந்தது, இசைத்தட்டுகளோடு. வாயேஜர் கிளம்பியது அடுத்த ஆண்டு. தன் வாசிப்பு அதில் போனது அவருக்குத் தெரியாது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் ‘மியூசிக் ஆஃப் தி காதிக் இரா’ தொகுப்பையும் விட்டுவிடாதீர்கள். அதில் இடைக்கால இசையமைப்பாளர் பெரோத்தனின் ‘விதெருந்த் ஓம்னெஸ்’ இருக்கிறது. பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தைச் சேர்ந்த நாலு குரல் இசை. அடியில் ஒரு குரல் ஒரே அசையைப் பிடித்தபடி நிற்க, மேலே மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.