புதுப்பிப்பு: இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கிடைத்தது
இங்கே மலேசியாவில் மகள் படிவம் 1-க்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) போன பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா சொன்ன வழி: 1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும். ஒரே படிவத்தில் 15 பேர் வேண்டியதில்லை, பள்ளி முழுக்கச் சேர்த்து எண்ணலாம். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். எங்கள் ஊரான சுங்கை சிப்புட் (பேராக் மாநிலம்) தோட்டத்துப் பக்கம் கையெழுத்துக்கா பஞ்சம்? கோயில் திருவிழாவிலேயே பாதி முடிந்தது. கடிதத்தை மலாயில் எழுதி, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொண்டோம். முதல்வர் மறுக்கவில்லை.

எதிர்பாராதது பஸ். வகுப்பு பள்ளி முடிந்த பிறகு. தோட்டத்து பஸ் அதற்குள் போய்விடுகிறது. இப்போதைக்குப் பெற்றோர்கள் சேர்ந்து வேனுக்குக் காசு போடுகிறோம்.